பெருவிரலை நிமிர்த்தப் போகிறீர்களா? ஷூவையும் எடுத்துப்போங்கள்

2016 பிப்ரவரியில் நெய்வேலியிலிருந்து புதுச்சேரிக்கு நான் போனது கடற்கரை பார்க்க அல்ல, கால் பெருவிரலைக் காட்ட. அது அடுத்த விரல்மேல் சாய்ந்து, அடிமூட்டு வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் இதைப் பனியன் என்கிறார்கள். போட்டுக்கொள்ளும் பனியன் இல்லை. எனக்குச் சுரங்கத்தில் கரி சாம்பிள் எடுக்கும் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முழுக்க நடை. நடக்க முடியாவிட்டால் வேலை போய்விடும்.

காலை ஐந்தரைக்கு டவுன்ஷிப்பில் பஸ். வடலூரில் மாறி, குறிஞ்சிப்பாடி, கடலூர் வழியாக அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரம் ஆகும். வடலூரில் ஏறியதும் கண்டக்டர் என் காலைப் பார்த்துவிட்டு முன்னால் இடம் பிடித்துக் கொடுத்தார். "ஹை ஹீல்ஸ் போட்டா இப்படித்தாங்க ஆவும்" என்று இலவச அறிவுரை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹீல்ஸ் வைத்த செருப்பை நான் கடையில்கூடத் தொட்டதில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் முதலில் ஹீல்ஸ் பற்றித்தான் கேட்டார். பையிலிருந்து சேஃப்டி ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தேன். வேலைக்குக் கான்ட்ராக்டர் கொடுத்தது, ஆண்கள் ஷூவிலேயே சின்ன சைஸ். நீளம் சரியாக இருக்கும், அகலம் பத்தாது. என் பாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு ஹீல்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

சிலருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள மூட்டை இணைத்தே நிமிர்த்திவிடலாமாம், விரல் மடங்கும். எனக்கு விரலின் அடிமூட்டே தேய்ந்துவிட்டது. அதைச் சுரண்டி, இரண்டு எலும்பையும் நேராக்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு ஒன்றாகச் சேர வைக்க வேண்டும். வலி போகும், ஆனால் அந்த மூட்டு இனி மடங்காது. எந்தச் சாய்வில் இறுக்குவது என்பதற்கு, நான் போடப்போகும் ஷூ தெரிய வேண்டும்.

"அகலமான ஷூ கெடைக்கும்னு உறுதியானதும் வாங்க. இதுக்குள்ளயே திரும்ப நுழைக்கப் போறீங்கன்னா நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் கான்ட்ராக்டரிடம் சொன்னேன். "பொம்பளைங்களுக்குன்னு தனி ஷூ வர்றதில்லைங்க. ஆபரேஷன் பண்ணிக்கினு வந்து இதையே போட்டுக்கோங்க" என்றார். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா? ஷூவை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்காகப் போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வேலைக்குப் போடும் ஷூவைக் கட்டாயம் எடுத்துப்போங்கள், இல்லையென்றால் பழி உங்கள்மேல்தான் விழும்.

அன்றிலிருந்து, அகலமான ஷூ கேட்டு, நான் தினமும் முதல் ஷிப்டுக்குச் செருப்போடு போய் சுரங்க கேட்டில் நிற்கிறேன். ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், தெரியும். இன்று காலை எங்கள் செக்‌ஷன் பெண்கள் இரண்டு பேர் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் காலிலும் செருப்புதான்.