குட்டனின் இதயத்தில் இருந்த புழு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஆனி மழையில் கீரிப்பாறையில் நடந்தது இது.

ரப்பர் பால் வெட்டுவது என் தொழில். விடியுமுன் தோட்டத்துக்குப் போகும்போது என் நாய் குட்டன் முன்னால் ஓடுவான். பன்றியோ பாம்போ இருந்தால் குரைத்து என்னை நிறுத்திவிடுவான். அந்த மழையில் அவனுக்கு இருமல் பிடித்தது. பாலை உறைய வைக்கக் கொட்டகையில் ஆசிட் ஊற்றுவோம். அந்த நெடியில் எங்களுக்கே இருமல் வரும். அதுதான் காரணம் என்று நினைத்து அவனைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. இருமல் நிற்கவில்லை. ஒருநாள் மேடு ஏறும்போது மயங்கி விழுந்தான்.

"ஆசிட்டுமில்ல, ஒண்ணுமில்ல. ஆசுவத்திரிக்குத் தூக்குங்க" என்றாள் மனைவி.

ஆட்டோவில் நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். புது ஆட்களிடம் எனக்கு வாய் திறக்காது, அவள்தான் பேசினாள். டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நூல் நூலாக என்னவோ நெளிந்தது.

"டாக்டரே, உயிரோட கெடந்து புளையுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"கல்யாணத்தன்னைக்குகூட இந்தச் சத்தம் வரல்ல" என்றாள் மனைவி.

அவை புழுக்குஞ்சுகளாம். தாய்ப்புழு இதயத்தில் இருக்கிறதாம், கொசு கடித்து வந்ததாம். "மருந்து இருக்கு. ஆனா ஓடவே விடாதீங்க. ஓடும்போது, சாவுற புழு நுரையீரல்ல போய் அடைச்சா, இவன் பிழைக்க மாட்டான்" என்றார்.

மாதக்கணக்கில் மாத்திரை. பால் வாளி சத்தம் கேட்டாலே, கட்டிப்போட்டிருந்த குட்டன் கயிற்றை அறுப்பது போலத் துள்ளுவான். மனைவி வாளியைச் சாக்கில் பொதிந்து தந்தாள். நான் பதுங்கிப் பதுங்கி வீட்டைவிட்டு இறங்குவேன்.

"என்னலே மக்கா, சொந்த வீட்டுல களவாண்டுட்டு போறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான்.

கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்த்தார். நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நெளியவில்லை. இதயத்தையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "இனி கொஞ்சம் கொஞ்சமா ஓட விடலாம்" என்றார். அவிழ்த்துவிட்ட காலையில் கொஞ்சமாவது ஒன்றாவது, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரே பாய்ச்சல். மேட்டின் உச்சியில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தான். இந்த வயதில் நானும் பின்னால் ஓடினேன்.

மழையில் வெட்டு இல்லாத நாட்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும். யாரிடமும் பேசக் கூச்சப்படுகிற நான், இப்போது ஒவ்வொருவரிடமும் போய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறேன். ஒரு உயிர் போகப் பார்த்ததைக் கண்ணால் கண்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எழுதி முடித்தது: ஆவணி பத்து, ஞாயிறு.