இழவு சொல்லப் போன சைக்கிள்

என்னைப் பெற்ற ஐயன் விடிகாலையில் கண்ணை மூடினார். பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கைக்குச் சொல்ல வேண்டும். காலை மோட்டார் பஸ் போய்விட்டிருந்தது. அவள் அங்கிருந்து மத்தியான மோட்டாரைப் பிடித்தால்தான் பொழுது விழுவதற்குள் கோயமுத்தூர் வந்து முகம் பார்க்க முடியும். ஆள் அனுப்பலாம் என்றார்கள். நானே போகிறேன் என்று வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சித்திரை வெயில். சிங்காநல்லூர் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வேர்வை வழிந்து கண் கரித்தது. பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. மிதித்தேன்.

சூலூரில் மோர் விற்கிற அம்மா ஒருத்தி கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க மாப்ளே, மாமியா ஊட்டுல கோழி வெந்துபோச்சுங்களா, இந்தப் பறப்புப் பறக்கறீங்க? நெஞ்ச நனச்சுக்கிட்டுப் போங்க."

இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறவன் நான். அன்றைக்கு நிற்கவில்லை. மோட்டார் போய்விடுமே.

அதற்கப்புறம் வேர்வை நின்றுபோயிற்று. நிம்மதி என்று நினைத்தேன். அப்படி நிற்பது நல்லதில்லை என்று பிற்பாடு நாலு பேரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சட்டை கஞ்சி போட்டதுபோல் விறைத்து, வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வேறு யாருடைய காலோ போலிருந்தது.

தங்கை வாசலில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்கண்ணா" என்றாள்.

உள்ளே போய் ஒரு சொம்பு நிறைய உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுவந்தாள். "மொதல்ல குடிங்க."

"மோட்டாரு போயிரும் அம்மணி."

"தெரியுதுங்க. நீங்க சொல்லிப்போட்டா, அப்பறம் இந்த ஊட்டுல உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியாதுங்க."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். இழவுச் செய்தி விழுந்த வீட்டில் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். சொல்ல வந்தவனுக்கும் ஒன்றும் கிடையாது.

குடித்தேன். வெடித்த உதட்டில் உப்பு எரிந்தது. காலையிலிருந்து எனக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

"ஆரு கண்ணு வந்திருக்கறது?" என்று உள்ளேயிருந்து அவள் மாமியார் கேட்டார்.

"எங்கண்ணனுங்க அத்தை. தாகத்தோட வந்திருக்குதுங்க."

இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள். பாதியில் நிறுத்தினேன், சொம்பைத் தாங்கிப் பிடித்து மீதியையும் குடிக்கவைத்தாள். என் கழுத்தில் மறுபடியும் வேர்வை துளிர்க்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பொழுது விழுமுன் அவள் ஐயன் முகத்தைப் பார்த்தாள்.