இஞ்சி துடைத்த நாற்காலி

எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் இஞ்சி. முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஃபைல் கட்டை அவிழ்த்தாலே தூசி பறக்கும் அறை அது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், எதிரே கிடக்கும் காலி நாற்காலியை அக்கா ஈரத்துணியால் துடைப்பார். தினமும் துடைப்பார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "சுத்தப் பைத்தியம்" என்றோம்.

ஒருநாள் ஃபைல் வாங்கப் போன நான், "யாராவது வர்றாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வந்தா தூசியிலயா உக்காருவாங்க?" என்றார்.

சிரித்துவிட்டு ஃபைலோடு திரும்பிவிட்டேன். என் டப்பாவை எடுத்துப்போய் அங்கே உட்காரலாம் என்று தோன்றவில்லை. என் மூளை அவ்வளவுதான்.

அக்கா ஓய்வு பெற்றதும் அந்த அறை என் தலையில் விழுந்தது. அவர் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் முதல் நாளே என் கை ஈரத்துணியைத் தேடியது. நாலு வருடமாகத் துடைக்கிறேன். எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். நாற்காலி பளபளவென்று இருக்கிறது. யாராவது வருகிறார்களா என்று கேட்கக்கூட இன்னும் ஒருவரும் வரவில்லை.