இருபது வருஷத்துக்கு ஒரு ராஜா

போலந்தின் லோட்ஸ் நகரத்து டிராம் ஓட்டுநர் வின்சென்ட்டி முப்பது வருடம் வீடு வீடாகப் போய், எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது கி.மு. 607இல் என்று தன் கிறிஸ்தவச் சபை சொன்னபடியே சொல்லிவந்தவர். ஒரு குளிர்காலத்தில் பாபிலோன் களிமண் ஏடுகளில் இருந்த ராஜாக்களின் ஆட்சி வருடங்களைக் கூட்டி, அந்த வருடத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். எத்தனை முறை கூட்டினாலும் 587தான் வந்தது.

விஷயம் தெரிந்து, சபையை நடத்தும் மூப்பர்கள் மூவர் அவர் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் தேநீரைத் தொடவில்லை.

"சபை சொல்றதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடுறோம்," என்றார் ஜெனோன். அவர் வின்சென்ட்டிக்குச் சம்பந்தியும்கூட.

"இருபது வருஷம் இடிக்குதே, சம்பந்தி! அந்த இருபது வருஷம் ஆண்ட ராஜா பேரைச் சொல்லுங்க, இப்பவே ஒத்துக்கறேன்."

"ராஜா கிடக்கட்டும், மகளை நினைச்சுப் பாருங்க. உங்களைச் சபையை விட்டு நீக்கிட்டா, சபை விதிப்படி கிங்கா உங்களோட பேசக் கூடாது."



"பேரைச் சொல்லுங்க," என்றார் வின்சென்ட்டி மறுபடியும்.

ஞாயிற்றுக்கிழமை அவரை நீக்கியதாகச் சபையில் அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை நிறுத்தத்தில் நின்ற கிங்கா, வந்த டிராமில் அப்பாவைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினாள். அவர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பின்னால் வந்த டிராம் மணியடித்தது. கதவை மூடினார்.