சிசிலி வெளியே வந்த நாள்

ராஜா எங்கள் ஊர் மான்காட்டைத் தம் அரண்மனை ஆள் ஒருவருக்கு மானியமாகக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி முதலில் வந்தது என் கடைக்குத்தான். நான் பார்லி மது காய்ச்சி விற்பவள். ஊர்ப்பேச்சு எதுவும் என் பீப்பாயைத் தொடாமல் போகாது. ராஜா காடு, ராஜா கொடுக்கிறார், யார் கேட்க முடியும்? ஆனால் அந்த வேலிக்குள் மான்கள் மட்டுமா இருந்தன? சிசிலி டக்வெலும் இருந்தாள்.

அவள் புருஷன் ஹம்ஃப்ரி அந்தக் காட்டுக்குக் காவலர். மான் அறுத்தால் தோலும் ஒரு தொடையும் அவருக்கு, காற்றில் சாய்ந்த மரமும் அவருக்கு. அதில்தான் குடும்பம் ஓடியது. போன பனிக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி இல்லை. நடுக்காட்டில் இருந்த காவல் வீடு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதுவும் யாராவது வந்து கேட்கும்வரை.

கேட்க ஆள் வந்துவிட்டது. புது எஜமான் சர் ஆம்ப்ரோஸ் வெய்ன். அவருக்கு முன்னால் வந்தவர் அவருடைய காரியஸ்தர் கில்பர்ட். மூக்கு நீண்ட மனிதர், குரல் அதைவிட நீளம்.

எங்கள் பக்கம் நிலம் கைமாற முத்திரை மட்டும் போதாது. ஊரார் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். புல்லோடு பெயர்த்த மண்கட்டியையும் ஒரு மரக்கொம்பையும் புது எஜமான் கையில் கொடுப்பார்கள். அவர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். பிறகு தாமே திறந்து, வேண்டியவர்களை உள்ளே கூப்பிடுவார். அத்தோடு இடம் அவருடையது. யாரையாவது பிடித்து இழுத்து வெளியே போட்டால் நிலம் கைமாறியது செல்லாது.

சிசிலி வெளியே வர மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பயம் வெறும் பயம் இல்லை. அவள் அப்பாவையும் இப்படித்தான், சும்மா ஒரு சடங்கு என்று சொல்லி வாசலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போன அன்றைய எஜமான் கதவைத் திறந்து தன் ஆட்களை மட்டும் கூப்பிட்டார். அப்பா அப்படியே தெருவோடு போனவர்தான்.

கில்பர்ட் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் என்னைத் தூது அனுப்பினார். நான் பட்டாணிக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அசையாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். தூதுக்கு நல்ல ஆளைப் பிடித்தார்.

அப்புறம் ஒருநாள் சர் ஆம்ப்ரோஸே வந்தார். நாங்கள் மயில் மாதிரி ஒருவரை எதிர்பார்த்தோம். வந்தவர் குதிரையிலிருந்து இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ராஜா முன்னால் யாரும் உட்காரக் கூடாதல்லவா? பாதி ஆயுள் அங்கே நின்றே கழித்தவர். அப்படி நின்றதற்குக் கூலிதான் இந்தக் காடு.

வாசலில் அவர் தடுமாறியதைச் சிசிலி உள்ளிருந்தே பார்த்தாள். பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

"நின்னது போதும், உக்காருங்கய்யா. கால் என்ன இப்படி வீங்கிக் கெடக்கு?"

அவர் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாகிவிட்டது. ஏன் வெளியே வர மறுக்கிறாள் என்று கேட்டார். அப்பா கதையைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் உசுரு போன எடம் இதுதாங்க. என் உசுரும் இங்கயே போகட்டும்."

"நான் வாக்குக் குடுத்தா நம்புவியாம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. மாட்டேன்."

கில்பர்டுக்கு முகம் சிவந்தது. சர் ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டார். "அரண்மனையில இருந்திருந்தா பொழைச்சிருப்ப" என்றார். பிறகு வாசலில் கூடியிருந்த எங்களைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார்: "இவங்க எல்லாரும் பாக்கட்டும். மண்ணு என் கைக்கு வந்ததும் அதுல பாதி உன் கைக்கு வரும். உசுரு இருக்கறவரைக்கும் இந்த வீடு உனக்கு. அப்பவாவது வருவியா?"

அவள் வெகுநேரம் என்னையே பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

அவர் மண்ணையும் கொம்பையும் வாங்கினார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். சிசிலி என் தோளைப் பிடித்த பிடியில் தோள் கன்றிப்போனது. கதவு திறந்தது. மண்கட்டியைக் கையாலேயே பிட்டு, பாதியை அவள் கையில் போட்டு, வாசலைவிட்டு விலகி நின்றார். அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகை வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது.

சில வருஷம் போனது. சர் ஆம்ப்ரோஸ் ராஜாவிடம் சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டாராம். எத்தனை வருஷம் நின்ற கால், ஒரு சொல்லில் சறுக்கிவிட்டது. காட்டை அவரிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார் ராஜா. புது ஆட்கள் காவல் வீட்டுக்கும் வந்தார்கள். மண் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று ஊரே வாசலில் நின்று சாட்சி சொன்னது. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். ராஜா கொடுத்ததில் நிலைத்தது அந்தப் பாதி மண்கட்டி மட்டும்தான்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தேன். சர் ஆம்ப்ரோஸ் நடந்தே வந்தார். குதிரை இல்லை, கூட யாரும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

சிசிலி பெஞ்சை இழுத்துப் போட்டாள். "இங்க ராஜா யாரும் இல்லைங்கய்யா. உள்ள வந்து உக்காருங்க."

அவர் உள்ளே வந்தார். சிசிலி கதவைச் சாத்தினாள்.