நான் அயர்லாந்துப் பொலிஸ்காரனாக இருந்த மார்ச் மாதம்

பொலிசைக் கண்டால் ஓடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் பின்வேலி பாய்ந்து பனங்காணிக்குள் இறங்கியவன். அது ஊரில் எல்லோரும் செய்ததுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொலிஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கையில் துவக்கோடு, பொலிசுக்குப் பயந்து ரொறன்ரோவின் நடுத்தெருவில் ஓடியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு சங்கம் அமைக்கலாம்.

அது 1986. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியில் மட்டக்களப்பு நண்பன் ஒருவனோடு ஒற்றை அறையில் இருந்தேன். எனக்கு நாற்பது கடந்துவிட்டது, அவன் என்னைவிட நன்றாக இளையவன். இருவரும் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினோம். என் மனைவியும் இரண்டு மகள்மாரும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். ஏப்ரலில் எனக்கு அகதி விசாரணை. அதில் தேறினால் அவர்களைக் கூப்பிடலாம். தேறாவிட்டால், கூப்பிட நானே இங்கே இருக்கமாட்டேன்.

என் வழக்கறிஞர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பொறுமைசாலி, ஆனால் என்னோடு பழகியதில் அந்தப் பொறுமை தேய்ந்துகொண்டு வந்தது. விசாரணையில் ஒன்றையும் மறைக்காதே என்றார். அதுவரை பொலிசோடு ஒரு சோலியும் வைத்துக்கொள்ளாதே என்றார். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, "நடந்ததையெல்லாம் நீ பகிடியாகச் சொல்கிறாய். உன்னை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனதைச் சொல்லும்போதும் சிரிக்கிறாய். சிரிக்கிறவனை யார் நம்புவார்கள்?" என்று கேட்டார். நான் அதற்கும் ஒரு பகிடி சொன்னேன். அவர் சன்னலால் வெளியே பார்த்தார்.

பொலிசோடு சோலி வேண்டாம் என்றதை நான் மிகவும் சிரத்தையாகக் கடைப்பிடித்தேன். கார்களுக்குத் தண்டச்சீட்டு எழுதுகிறவனைக் கண்டாலே, காரே இல்லாத நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரின் சாரதி தொப்பி போட்டிருந்தால் அடுத்த ஸ்ரீட்காருக்காகக் காத்து நிற்பேன்.

இப்படிப்பட்ட என்னைத்தான் ரீச்சர் பொலிஸ்காரன் ஆக்கினார்.

ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தியவர் அவர். அயர்லாந்து வம்சம். ஓய்வுபெற்ற பிறகும் அவருடைய குரல் ஓய்வுபெறவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்த மண்டபத்தில் அயர்லாந்துக்காரர் ஒரு நாடகம் போடுவார்கள். அந்த முறை கதை போன நூற்றாண்டை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றியது. உருளைக்கிழங்கு அழுகிப்போகிறது, குடியானவர்களால் குத்தகை கட்ட முடியவில்லை, நிலச்சொந்தக்காரன் வெளியேற்றும் கட்டளையை ஒருவனிடம் கொடுத்துப் பொலிஸ் துணையோடு அனுப்புகிறான். பொலிஸ் வருவதைக் கண்டதும் ஒருவன் மாட்டுக்கொம்பை ஊதுவான். உடனே ஊரே கூடிவிடும். வாசலை முட்செடியால் அடைத்து, மேலேயிருந்து கொதிக்கும் கஞ்சியை ஊற்றுவார்கள். ஆண்கள் உடுப்புக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு வருவார்கள், அடையாளம் தெரியாமலிருக்க. கட்டளை கொண்டுவந்தவனைப் பிடித்து முழங்காலில் இருத்தி, அந்தக் கடுதாசியையே தின்னவைப்பார்கள்.

"உண்மையிலேயே தின்னவைத்தார்களா?" என்று கேட்டேன்.

"உண்மையிலேயே. சிலருக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை" என்றார் ரீச்சர். அந்த நிமிடத்திலேயே எனக்கு அயர்லாந்துக்காரரைப் பிடித்துவிட்டது.

கட்டளை கொண்டுபோகிறவன் வேறு, பொலிஸ் வேறுதான். ஆனால் ஆள் பற்றாக்குறை. அயர்லாந்துக்காரர் ஒருவரும் அந்த உடுப்பைப் போட ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றும் பக்கத்தில் நிற்கத்தான் ஆசை. ஆகவே இரண்டு வேலையையும் ரீச்சர் என் தலையில் கட்டினார். நண்பனுக்கு வெள்ளைச் சட்டை கிடைத்தது. கரி டப்பா சுற்றி வந்தபோது அவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான், டப்பாவை அடுத்த ஆளிடம் நீட்டினான். "எனக்கிட்டச் சொந்தமா இரிக்கி" என்றான். ரீச்சர் விடவில்லை. அவனுக்கும் பூசினார்.

கடுதாசி விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அதற்குப் பதிலாகத் தோசை சுட்டுத் தருகிறேன் என்றேன். எங்கள் யாழ்ப்பாணத் தோசை மஞ்சள் நிறம். நூறு வருடப் பழைய கடுதாசிக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. தாளித்துப்போட்ட கடுகும் வெங்காயமும் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து மாதிரியே தெரியும். சுருட்டிச் சிவப்பு ரிபன் கட்டினால் அது பிரித்தானிய மகாராணியின் கட்டளை. மாவுக்குள் செத்தல் மிளகாயை இடித்துக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். தின்னப்போவது நான்தானே. மகாராணியின் கட்டளை என்றாலும் உறைப்பில்லாமல் எனக்கு இறங்காது.

உடுப்பு தைத்து முடிந்த அன்று ஒரு சேட்டை செய்தேன். கருங்கோட்டு, தோல்பட்டி, நாடிக்குக் கீழே வார் கட்டிய தொப்பி, மரத்தில் செதுக்கிய துவக்கு, எல்லாவற்றோடும் வந்து எங்கள் வீட்டுக் கதவில் தடதடவென்று தட்டினேன். "பொலிஸ்!"

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு கதவு மெல்லத் திறந்தது. நண்பன் சாரத்தோடு நின்றான். இரண்டு கையும் தலைக்கு மேலே. ஊர் அடையாள அட்டையைப் பற்களுக்கிடையில் கவ்விப் பிடித்திருந்தான், கை இறக்கக்கூடாது, அட்டையும் காட்டவேண்டும் என்பதால். நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன். அவன் அட்டையை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தான்.

"பொறுங்க அண்ணன்," என்றான். "உங்களுக்கும் ஒருத்தன் வருவான்."

வந்தான்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், தோசையைச் சாமான் மேசையில் வைத்துவிட்டு, கொம்பு ஊதும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். கொம்பு ஊதினால் நான் உள்ளே போகவேண்டும். மனதுக்குள் என்னுடைய ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

திரும்பினேன். பொலிஸ். நாடகப் பொலிஸ் அல்ல. தொப்பி, பெல்ட், இடுப்பில் உண்மைத் துவக்கு. ஆறடிக்கு மேலே சிவந்த மீசை.

"உன் சீருடை சரியில்லை," என்றான் ஆங்கிலத்தில், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "உன்னைக் கைதுசெய்கிறேன்."

வாழ்நாள் முழுவதும் பகிடி விட்டவன் நான். பகிடி சீருடை போட்டுக்கொண்டு வரும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொம்பும் ஊதியது. பக்கக் கதவு எங்கே என்று மூளைக்குத் தெரியுமுன் காலுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே உருகியும் உருகாத பனிச்சேறு. பாதித் தெரு ஓடிய பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். யோசித்திருக்கக்கூடாது. பொலிஸ்காரனாக வேடம் போட்டிருக்கிறேன், அது ஒரு குற்றம். கைதுசெய்த பிறகு ஓடுகிறேன், அது இன்னொன்று. உடுப்பு தேவாலயத்துச் சொத்து, ஆகவே களவு. அதுவும் ஆண்டவரிடத்தில் களவு. அப்போதுதான் கையில் துவக்கு இருப்பதைக் கண்டேன். அதை ஒரு குப்பைத்தொட்டிக்குள் செருகினேன். அரைவாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பொது இடத்தில் ஆயுதத்தைக் கைவிடுவதும் குற்றமாயிருக்கும் என்று தோன்ற, திரும்பிப் போய் இழுத்து எடுத்தேன். அது லேசில் வரவில்லை. ஒரு காலைத் தொட்டியில் ஊன்றித்தான் இழுக்கவேண்டியிருந்தது. கொழும்பு அறையில் மனைவிக்கு யாரோ செய்தி சொல்வது மாதிரியும், அவள் "ஓடினவரோ? எந்த உடுப்போடை?" என்று கேட்பது மாதிரியும் எனக்குத் தெரிந்தது.

"நில்லுங்க அண்ணன்! ஓடாதீங்க!"

திரும்பிப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சட்டை பறக்க, கரிமுகத்தோடு நண்பன் துரத்திக்கொண்டு வந்தான். தவறணையில் குடித்துவிட்டு வாசலில் சிகரெட் புகைத்துக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்தார். துவக்கோடு முன்னால் ஓடும் பொலிஸ், வெறுங்கையோடு பின்னால் துரத்தும் குடியானவன். அவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

நண்பன் என் தோல்பட்டியைப் பிடித்து நிறுத்தினான். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அது ரீச்சர்ர தங்கச்சிர மகன் அண்ணன்! வேலை முடிஞ்ச கையோட நாடகம் பாக்க வந்திரிக்கான். சும்மா பகிடிக்குச் சொன்னவன்."

"பகிடியோ? உதென்னடா பகிடி? மனுசன் செத்துப்போவான்!"

"அண்டைக்கு நம்மட கதவில தட்டினது மறுகா என்ன? பூசையா?"

நான் பேச்சை மாற்றினேன். "இப்ப அங்கை என்ன நடக்குது? கட்டளையை ஆர் குடுக்கிறது?"

அவன் கரியோடு சிரித்தான். "வந்து பாருங்க."

பக்கத்திரை வழியாக எட்டிப் பார்த்தேன். ரீச்சர் தங்கை மகனை அப்படியே மேடைக்குத் தள்ளிவிட்டிருந்தார். போன நூற்றாண்டு அயர்லாந்துக் குடிசை வாசலில், ரொறன்ரோ உடுப்போடு அவன் முழங்காலில் நின்றான். தொப்பியில் கஞ்சி வடிந்தது. நான்கு பேர் அவனைப் பிடித்திருக்க, ஒரு கிழவி அவன் வாய்க்குள் என் தோசையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, செத்தல் மிளகாய்," என்றேன்.

அவன் முதலில் மென்றான். பிறகு நிறுத்தினான். முகம் மீசையின் நிறத்துக்கு வந்து, அதைத் தாண்டிப் போயிற்று. கண்ணால் தண்ணீர் ஓடியது. சபை எழுந்து நின்று ஆரவாரித்தது. இப்படி ஒரு நடிப்பை அந்த மண்டபம் கண்டதில்லை என்று பிறகும் பேசிக்கொண்டார்கள். நான் என் குற்றங்களோடு பொலிஸ்காரனுக்கு நஞ்சூட்டியதையும் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் பக்கக் கதவைப் பார்த்தேன். நண்பன் தோல்பட்டியை விடவில்லை.

திரை விழுந்ததும் அந்தப் பொலிஸ்காரன் நேரே என்னிடம் வந்தான். இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தான். என் தோளில் மறுபடியும் கை வைத்தான். இந்த முறை கொஞ்சம் மெதுவாக, கேட்டுக்கொண்டு வைத்த மாதிரி.

"அந்தக் கடுதாசி இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் வழக்கறிஞரின் முதற்கட்டளை மிச்சம் இருந்தது.

ஏப்ரலில் விசாரணை. சிறிய அறை, மேசையில் பேசுவதைப் பதிவுசெய்ய ஒரு கசெற் ரேப். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, சிரிப்பறியாத மனிதர். எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், கழுத்துப்பட்டி கட்டிய யாழ்ப்பாணத்துத் தம்பி. உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அதிகாரி வழமையான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எப்போதாவது பொலிசிலோ இராணுவத்திலோ இருந்திருக்கிறீரா என்ற கேள்வியும் வந்தது.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. தேவாலயத்துச் செய்தித்தாளில் நான் அந்த உடுப்போடு நிற்கும் படம் வேறு வந்திருந்தது. அது அவர் மேசைக்குள் இருக்குமோ?

"ஓம்," என்றேன்.

வழக்கறிஞரின் பேனை கீழே உருண்டது.

தம்பி என் பக்கம் குனிந்தான். "அண்ணை, கேள்வி விளங்கினதோ? பொலிசிலை இருந்தனீங்களோ எண்டு கேக்கினம்."

"விளங்கினது. இருந்தனான்."

"எங்கை?"

"அயர்லாந்திலை."

"எப்ப அண்ணை?"

"போன நூற்றாண்டிலை."

அவன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"சொல்லும். சத்தியம் பண்ணினது எல்லே?"

சொன்னான். ரேப் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கறிஞர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாடகத்தைப் பற்றி விளக்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். எத்தனை பேரை வெளியேற்றினீர் என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவரையும் இல்லை, நான் ஓடிவிட்டேன், உங்கள் பொலிஸ்காரர் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்தார், கட்டளையையும் அவரே தின்றார் என்றேன்.

"ஏன் ஓடினீர்?"

"தோளில் கை வைத்தார்."

"அவ்வளவுதானா?"

பகிடி ஒன்று வாய்க்கு வந்தது. வந்ததைச் சொல்ல முடியவில்லை. முதன்முதலில் என் தோளில் அப்படிக் கை விழுந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கொண்டுபோன வாகனத்தைப் பற்றி, முகாமைப் பற்றி, பக்கத்தில் இருந்தவனைப் பற்றி. தம்பி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான், இடையில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். நான் சிரிக்கவில்லை. வழக்கறிஞர் கீழே கிடந்த பேனையை எடுக்கவும் இல்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அந்தக் கசெற்றில் இருக்கட்டும். ஒரு பக்கம் முடிந்து கிளிக் என்றதும், அதிகாரி தன் கையாலேயே மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

தேறினேன்.

மறுவருடம் மனைவியும் மகள்மாரும் வந்தார்கள். நண்பன் யாரிடமோ கார் இரவல் வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்தான். வண்டி நிறையச் சூட்கேசுகளைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி வந்தோம். எதிரே ஒரு பொலிஸ்காரர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். சின்னவள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். இங்கே பயப்படத் தேவையில்லை, இவர்கள் எங்கள் தோசை தின்கிறவர்கள் என்று அவளுக்கு விளக்கவேண்டும் என்று நினைத்தேன். வசனத்தைக்கூட மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

யாரோ என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். மனைவி.

"எங்கை ஓடுறியள்?" என்றாள். "பிள்ளையளும் பெட்டியளும் இஞ்சை நிக்குது."