துண்டில் முடிந்து வைத்த பல்

நிலக்கடலைத் தரகு என் தொழில். மீன்சுருட்டியிலிருந்து அரும்பாவூர் வரை எந்தக் களத்துக்குப் போனாலும், மூட்டையின் அடியில் கைவிட்டு எடுத்த பருப்பைக் கடித்துப் பார்க்காமல் விலை பேசியதில்லை. காய்ந்தது நறுக்கென்று உடையும், ஈரமானது நசுங்கும். பல் போனால் என் பிழைப்பே போய்விடும்.

உலகச் சண்டை நடந்த வருஷங்கள். வாரம் ஒருநாள் திருச்சியிலிருந்து ரயிலேறி அரியலூருக்கு ஒரு பல் டாக்டர் வருவார். முதல் தடவை கடைவாயில் வலி வந்தபோது அவர் ஒரு பல்லைக் காட்டினார். நான் பக்கத்துப் பல்லைக் காட்டினேன்.

"வலி எனக்கா உங்களுக்கா? நான் சொல்றதப் புடுங்குங்க" என்று ஒற்றைக்காலில் நின்றேன். பிடுங்கிய பல்லையும் கேட்டு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டேன். வேறு யார் வாயிலாவது வைத்துக் கட்டிவிட்டால்?

மறு வருஷம் அதே இடத்தில் வலி பிராணனை எடுத்தது. நல்ல பல்லையும் இவர் கெடுத்துவிட்டார் என்று கறுவிக்கொண்டே போனேன். பிடுங்க வேண்டாம், அரம் போன்ற மெல்லிய ஊசியால் வேருக்குள் இருக்கும் அழுகலைச் சுரண்டினால் பல் பிழைக்கும் என்றார். சீமைச் சாமான் எதுவுமே வராத காலம். ஊசி மட்டும் எப்படி வந்தது? மழுங்கினதைத் துடைத்துப் புதுசென்று ஏமாற்றுகிறாரோ? உள்ளே முறிந்தால் அந்தப் பல்லும் போச்சு.

"எவ்வளவு வெட்டுதுன்னு அளந்தே காட்டறேன், பாருங்க" என்று பாட்டிலிலிருந்து ஒரு பழைய பல்லை எடுத்தார்.

"அது சொத்தைப் பல்லா இருக்கும். எந்த ஊசியும் வெட்டும். என் பல்லுல காட்டுங்க."

ஒரு வருஷமாகத் துண்டிலேயே கிடந்த முடிச்சை அவிழ்த்துப் பல்லைக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதைச் சின்ன ரம்பத்தால் நெடுக்கில் அறுத்து, ஒரு பாதியை இடுக்கியில் பிடித்தார். கழித்துப் போட்ட ஊசியால் இருபது இழுப்பு, கீறல்தான் விழுந்தது. புது ஊசியால் இருபது. அங்குலக் கணக்கில் கால் நூல் ஆழத்துக்குப் பள்ளம். நானே அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஊசியில் குற்றமில்லை.

அவர் மற்றப் பாதியை வெளிச்சத்தில் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல சொத்தையே இல்லீங்களே."

நானும் வாங்கிப் பார்த்தேன். உள்ளே பழுதே இல்லை. நாக்கு தானாகப் போய் அந்தப் பல் இருந்த ஓட்டையைத் தொட்டது. அன்று அவர் காட்டிய பல்தான் இப்போதும் வலித்துக்கொண்டிருந்தது.

"இப்பவாவது நான் சொல்ற பல்லுதானுங்களே?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றதுதாங்க" என்று வாயைத் திறந்தேன். ஊசி உள்ளே போகும் முன்பே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் தொடவே இல்லீங்க" என்றார் அவர்.